நைஸ் மாஸ்டரின் காற்றுப்பெட்டி

தகர வேலைக்காரர் ஒருவருக்கு நைஸ் மாஸ்டர் என்று பெயர் வந்த கதையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களுக்குத்தானே கதை சொல்ல வேண்டும். அவர் செய்து கொடுத்த எண்ணெய்ப் புனல் ஒன்றில் ஓர் எறும்பு விழுந்துவிட்டது. ஏறப் பார்த்தது, வழுக்கியது. மறுபடி ஏறியது, மறுபடி வழுக்கியது. எட்டாம் நாள் முயற்சியைக் கைவிட்டு அங்கேயே குடித்தனம் போட்டுவிட்டது. "அடியிலதான் ஓட்டை இருக்கே, அது வழியா இறங்கிப் போயிருக்கலாமே" என்று யாராவது கேட்டால், "போயிருக்கலாம். அதுக்கு இடம் பிடிச்சுப் போச்சு" என்பார் மாஸ்டர். முகத்தில் ஒரு ரேகை அசையாது.

எறும்பு எப்படியோ, அவர் பட்டறைச் சாமான் எதிலும் விளிம்பில் கையை ஓட்டினால் கீறாது என்பது மட்டும் சத்தியம். தகட்டை வெட்டுவார், ஓரத்தை மடிப்பார், மரக் கொட்டாப்புளியால் தட்டி அமுக்குவார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், பிறகு பழைய பனியனால் தேய்ப்பார். அதற்குப் பிறகும் திருப்தி வராமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். சாமானுக்காகக் காத்திருப்பவர்கள் அதற்குள் டீ குடித்துவிட்டு, திரும்பி வந்து, இன்னொரு டீயும் குடித்திருப்பார்கள்.

கீழே பட்டறை. மேலே இரண்டு அறை. அதற்கும் மேலே மொட்டை மாடி, மாடியின் மூலையில் ஓர் உலர்த்தும் அறை. அந்த அறை மாஸ்டருடையது அல்ல, சூப்பர்வைசருடையது. சூப்பர்வைசர் என்றால் மாஸ்டரின் மனைவிதான். ரொட்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பேக்கிங் பிரிவைக் கட்டி மேய்த்தவள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பெயரை மட்டும் யாரும் மூடவில்லை.

வேலை போன மறுவாரமே அவள் புதினா காயப்போட ஆரம்பித்துவிட்டாள். ஊருக்கு வெளியே டீத்தூள் பாக்கெட் போடுகிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். புதினா டீ என்று ஒன்று போடுகிறாள். அவளுக்குக் காய்ந்த இலை வேண்டும். பச்சை நிறம் போகக் கூடாது, வாசனை போகக் கூடாது, கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். ஆகையால் நிழலில், சூடான காற்றில் காய வேண்டும். டீ பாக்கெட் அம்மாளின் மூக்கு லேசுப்பட்டதில்லை. இலையை ஒரு தரம் மோந்து, "இது வாய்க்கால் பக்கத்துச் செடி, இது கிணத்துப் பக்கத்துச் செடி" என்று பிரித்து வைத்துவிடுவாள். ஒரு தடவை "இதைப் பறிச்சவளுக்கு ஜலதோஷம்" என்றும் சொன்னாளாம்.

வறண்ட மாதங்களில் அந்த அறையின் தகரக் கூரைச் சூடே போதுமாக இருந்தது. மழை பெய்து ஓய்ந்ததும் வந்தது வினை. வெயில் என்னவோ மண்டையைப் பிளந்தது. ஆனால் காற்றில் ஈரம். உப்பு ஜாடியில் உப்பு நீர் விட்டது. தட்டில் பரப்பிய இலை காயாமல் இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் கறுத்துப்போனது. டீ பாக்கெட் அம்மாள் மூட்டையைத் திருப்பி அனுப்பினாள்.

அன்று சூப்பர்வைசர் முப்பது வலைத்தட்டையும் இறக்கி, ஒவ்வொன்றாகக் கழுவினாள். கழுவியதை மறுபடி கழுவினாள். மாஸ்டர் பட்டறையிலிருந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ரொட்டித் தொழிற்சாலையை மூடிய அன்று வீட்டிலிருந்த பாத்திரம் பூராவும் இப்படித்தான் இரண்டு தடவை கழுவப்பட்டது.

மறுநாள் மச்சினனுக்கு ஆள் விட்டார். மச்சினன், அதாவது சூப்பர்வைசரின் தம்பி, சோலார் பேனல் மாட்டுகிறவன். மாஸ்டரின் மாடியிலும் இரண்டு பேனல் மாட்டியிருந்தான். பட்டறையின் துளை போடும் மெஷின் அதில்தான் ஓடியது. உச்சி வேளையில் மட்டும் அதற்கு மூச்சு வாங்கும்.

"மாமா, இந்தப் பேனல் இருக்கே, அதுக்கு வெளிச்சம் வேணும், சூடு ஆகாது," என்றான் மச்சினன்.

"வெயில்ல வேலை செய்யத்தானே மாப்ளே அதை வாங்கினோம். வெயில் ஏறினா சோர்ந்து படுக்கறதுக்கு வீட்டுல நான் ஒருத்தன் போதாதா?"

"அது அப்படித்தான். சூடு ஏற ஏற கரண்ட் இறங்கும். இப்ப அதோட முதுகைத் தொட்டா கை பொத்துப் போகும். அந்தச் சூடு சும்மா வீணாப் போவுது. முதுகுக்குப் பின்னாடி ஒரு பெட்டி அடிச்சு, கீழ ஒரு ஃபேன் வெச்சுக் காத்தை ஊதினா, பேனல் குளிரும், கரண்ட் கூடும். மேல வர்ற சுடுகாத்தைக் குழாய்ல பிடிச்சு அக்கா ரூமுக்கு விட்டா இலை காயும்."

"அறுபத்தஞ்சு வயசுல முதல் தடவையா உன் வாயிலேர்ந்து உருப்படியா ஒண்ணு கேக்கறேன்."

"எனக்கு நாற்பதுதான் மாமா."

"என் வயசைச் சொன்னேன்."

மாஸ்டர் பெட்டி செய்ய உட்கார்ந்தார். மச்சினன் ஒரு நாளில் முடியும் என்றான். ஒன்பது நாள் ஆயிற்று. இரண்டு பேனலுக்கும் சேர்த்து, அவற்றின் நீள அகலத்துக்கு, நாலு விரல் உயரத்தில், நாகத்தகட்டுப் பெட்டி. வெளிப்பக்கம் சரி. ஆனால் ஒருவரும் எட்டிப் பார்க்கப்போகாத உள்பக்கத்தையும் மனிதர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மூலைகளை உருட்டினார். ரிவெட் தலைகளை மட்டம் தட்டினார். பெட்டியை மாடிக்கு ஏற்றும்போது ஒரு பல்லி தெரியாமல் உள்ளே கால் வைத்துவிட்டது. இந்தப் பக்கம் கால் வைத்த பல்லி அந்தப் பக்கம் போய்த்தான் நின்றது. நடந்து போகவில்லை.

"காத்து உள்ள போறதும் தெரியக் கூடாது, வெளிய வர்றதும் தெரியக் கூடாது," என்றார் மாஸ்டர். "தடங்கலே இருக்காது."

தடங்கல் இல்லைதான். இலையும் காயவில்லை.

சூப்பர்வைசர் அறையில் ஒரு வெப்பமானியை ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். நாற்பத்தைந்து வேண்டும். அது முப்பத்தாறில் உட்கார்ந்துகொண்டு, யார் வந்து பார்த்தாலும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது மூட்டையும் கறுத்துத் திரும்பி வந்தது. இந்தத் தடவை மூட்டையோடு ஒரு சேதியும் வந்தது. வெள்ளிக்கிழமை நானே நேரில் வருகிறேன், அன்றைக்கும் இலை இப்படி இருந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் மூன்று நாள் ரெகுலேட்டர் யுத்தம். ஃபேனுக்கு ஐந்து நம்பர் போட்ட ரெகுலேட்டர் ஒன்று மாடிப்படி முகப்பில் இருந்தது. மச்சினன் ஏறி வந்து ஐந்தில் வைப்பான். பேனல் சற்றுக் குளிரும், கரண்ட் கூடும். ஆனால் கூடிய கரண்டை ஃபேனே தின்றுவிடும். அறைக்குப் போகிற காற்றும் சூடாகாமல் ஓடி வந்துவிடும். பக்கத்து மாடிக் கொடியில் இருந்த துணியெல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவன் இறங்கியதும் சூப்பர்வைசர் ஏறி வந்து ஒன்றில் வைப்பாள். காற்று கொஞ்சம் சூடாகும், கொஞ்சமாகத்தான் வரும். பேனல் கொதிக்கும். கீழே துளை போடும் மெஷின் இருமும். மாஸ்டர் ஏறி வந்து, இருவருக்கும் மனம் கோணாமல் மூன்றில் வைப்பார். அதில் இலையும் காயாது, மெஷினும் ஓடாது.

மூன்றாம் நாள் மத்தியானம் மூவரும் மாடி நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். மச்சினன் பேனலின் முதுகில் மீட்டரின் கம்பியைத் தொட்டு வைத்துச் சூடு பார்த்திருந்தான். முட்டையை உரித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமா, கோவிச்சுக்கக் கூடாது."

"அப்படி ஆரம்பிச்சா இப்பவே கோவிச்சுக்கறேன், சொல்லு."

"பேனல் முதுகு அறுபத்தஞ்சு டிகிரி. அதை ஒட்டிப் போற காத்து முப்பத்தாறு. அடுப்புல பால் பொங்குது, பக்கத்துல நிக்கிறவனுக்குக் குளிருதுன்னா என்ன அர்த்தம்? ஃபேன் நல்லாருக்கு. பேனல் நல்லாருக்கு. பாக்கி இருக்கறது..."

"பெட்டி."

"நான் சொல்லலை. நீங்க சொன்னீங்க."

"இந்தப் பெட்டியில ஒரு குறை காட்டு. ஒரு ஊசி நுழையற சந்து காட்டு. நான் கத்தரியைத் தூக்கிக் கிணத்துல போட்டுடறேன்."

"குறையே இல்லாததுதான் மாமா குறையோன்னு..."

"அக்காளும் தம்பியும் கலந்து பேசிட்டீங்களா?"

சூப்பர்வைசர் ரொட்டியைப் பிட்டுத் தம்பியின் தட்டில் வைத்தாள். "என்னை ஏன் இழுக்கறீங்க? எனக்கு வேண்டியது நாற்பத்தஞ்சு. அது பெட்டியிலேர்ந்து வந்தாலும் சரி, உங்க கோவத்திலேர்ந்து வந்தாலும் சரி."

"வெள்ளிக்கிழமை அந்தம்மா போயிட்டா போகட்டும். நீ வீட்டுல இரேன். இருபத்திரண்டு வருஷம் உழைச்சது போதாதா?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த இருபத்திரண்டு வருஷமும் அவங்க ரொட்டி," என்றாள். "இது என் இலை."

கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மச்சினன் மாமாவைப் பார்த்தான். மாமா பாதி முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாஸ்டர் பட்டறையை அடைத்துவிட்டு மாடியேறினார். பெட்டியின் பக்கவாட்டுத் தகடு ஒன்றைக் கழற்றினார். கழற்றும்போது தன் பல்லையே பிடுங்குகிற மாதிரி முகம் போயிற்று. அந்த இடத்தில் ஒரு கண்ணாடியைப் பதித்தார். ஈரச் சாக்குத் துணி ஒன்றைப் புகைய வைத்து, ஃபேன் வாயில் பிடித்தார். பிறகு வெயிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

புகை உள்ளே வந்தது. நேராக வந்தது. கோடு போட்ட நோட்டு மாதிரி, வரி வரியாக, ஒன்றை ஒன்று தொடாமல், மறுமுனைக்குப் போய்விட்டது. மேலே பேனலின் கொதிக்கும் முதுகை ஒட்டி மெல்லியதாக ஓர் அடுக்கு மட்டும் நகராமல் தேங்கிக் கிடந்தது. சூடு முழுவதும் அதற்குத்தான். கீழே போகிற காற்றுக்கு அந்தச் சங்கதியே தெரியாது. அவர் தேய்த்த தேய்ப்பில் அது எங்கேயும் நிற்காமல், எதையும் விசாரிக்காமல், வந்த வேலையை மறந்து போய்க்கொண்டிருந்தது.

மாஸ்டர் வெகுநேரம் அப்படியே படுத்திருந்தார். முதுகு வெந்தது. பிறகு மனைவியைக் கூப்பிட்டார். அவளும் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்தவள், உச்சி வெயிலில் புருஷனும் பெண்டாட்டியும் குப்புறக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, துணியை எடுக்காமலே இறங்கிப் போனாள்.

"மாப்ளை சொன்னது சரி," என்றார் மாஸ்டர். "அவன்கிட்டச் சொல்லாதே."

"என்ன பண்ணலாம்?"

"உள்ள தகடு நிறுத்தணும். காத்துக்குச் சூடு ஒட்டறதுக்கு இடம் வேணும்."

அன்று சாயங்காலமே பட்டை பட்டையாகத் தகடு வெட்டினார். மூன்று விரல் உயரம், அடியில் மடித்த கால். விளிம்பு மடித்து, தேய்த்து, பனியன் போட்டு, பெட்டிக்குள் தண்டவாளம் மாதிரி வரிசையாக, காற்று போகிற திசையிலேயே பதித்தார். மறுநாள் மத்தியானம் வெப்பமானி முப்பத்தெட்டுக்கு எழுந்தது. அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இது என்ன, நகைப்பெட்டியா?"

"ஏன்?"

"காத்துக்கு ரோடு போட்டுக் குடுத்திருக்கீங்க. ஏற்கெனவே ஓடிட்டிருந்துது, இப்ப லைன் கட்டி ஓடுது."

"இடைஞ்சல் பண்ணக் கூடாதேன்னு பார்த்தேன்."

"இடைஞ்சல்தான் பண்ணணும்." அவள் கீழே உட்கார்ந்தாள். "இங்க பாருங்க. எங்க பேக்கிங்ல சாயங்காலம் மணி அடிச்சா நாற்பது பொண்ணுங்க கேட்டுக்குப் போவாங்க. வழி நேரா இருந்தா யாரும் யாரையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாங்க, ரெண்டு நிமிஷத்துல ஹால் காலி. ஒரு நாள் யாரோ ஒரு டேபிளை வழியில கோணலா விட்டுட்டாங்க. அவ்ளோதான். இவ அவமேல முட்டறா, அவ இவ கையைப் பிடிக்கறா, உன் பொண்ணுக்கு எப்ப கல்யாணம், உன் மாமியாருக்கு எப்படி இருக்கு. கால் மணி நேரம். ஒருத்தி விஷயம் பாக்கி முப்பத்தொன்பது பேருக்கும் தெரிஞ்சுதான் வெளிய போனாங்க. நான் அந்த டேபிளை எடுக்கச் சொன்னேன். இப்ப போடச் சொல்றேன்."

அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க கத்தரியை."

"உனக்கு நேரா வெட்ட வராது."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

அவள் வெட்டினாள். தகடு அலறியது. ஒவ்வொரு பட்டையும் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். விளிம்பெல்லாம் எலி கடித்தது போல. நடுவில் கத்தரி சிக்கிய இடங்களில் தகடு நாக்கு நாக்காக எழும்பி நின்றது. மாஸ்டர் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டார். காது கேட்டுக்கொண்டிருந்ததால் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. கடைசியில் அவற்றைக் காற்றுக்குக் குறுக்கே, சாய்வாக, மாஸ்டரே தன் கையால் பெட்டிக்குள் பதிக்கவும் வேண்டி வந்தது. விரலில் மூன்று கீறல். முப்பது வருஷத்தில் சொந்தப் பட்டறையில் அவர் வாங்கிய முதல் கீறல்கள்.

உற்சாகத்தில் அவள் ஏழு வரிசை வைக்கச் சொல்லிவிட்டாள். ஃபேன் திணறியது. காற்று உள்ளே போக மறுத்து வாசலிலேயே நின்றது. மச்சினன் வந்து மூன்று வரிசையைப் பிடுங்கச் சொன்னான். நாலு வரிசையோடு மூடி, ரெகுலேட்டரை இரண்டில் வைத்தார்கள். புகை பிடித்துப் பார்த்தார்கள். புகை உள்ளே வந்தது, முதல் தகட்டில் முட்டியது, சுருண்டது, மேலே ஏறிப் பேனலின் முதுகைத் தடவியது, இறங்கியது, அடுத்ததில் முட்டியது. உள்ளே ஒரு சந்தைக்கடை.

"மாமா," என்றான் மச்சினன், கையிலிருந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டே. "நேத்து இதே நேரத்துக்கு நானூத்திப் பத்து வாட். இப்ப நானூத்தி நாற்பத்தஞ்சு. ஃபேன் கொஞ்சம் கூட இழுக்குது, அதைக் கழிச்சாலும் லாபம். முதுகு ஐம்பதுக்கு இறங்கிடுச்சு."

"எனக்கு அதெல்லாம் வேண்டாம்," என்றார் மாஸ்டர். "ரூமுக்குள்ள என்ன காட்டுது?"

அறைக்குள் இருந்த சூப்பர்வைசர் வெப்பமானியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். நாற்பத்தாறு.

வியாழக்கிழமை விடியும்போது இரண்டு கூடை புதினா வந்து இறங்கியது. மூவரும் உட்கார்ந்து காம்பு ஆய்ந்தார்கள். அலசினார்கள். துணியில் போட்டு உதறினார்கள். ஓர் இலைமேல் இன்னோர் இலை படாமல் முப்பது தட்டிலும் பரப்பினார்கள். மாஸ்டர் பரப்பிய தட்டில் இலைகள் காம்பு ஒரே திசையில் பார்க்க அணிவகுத்து நின்றன. அவள் கையால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டுப் போனாள். அன்று பூராவும் பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும் புதினா வாசனையோடு வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் வாளிக்கு அடி போட வந்தார். அந்த வாளியில் ஒரு மாசத்துக்கு எந்தத் தண்ணீர் பிடித்தாலும் வயிற்றுக்கு இதமாக இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டீ பாக்கெட் அம்மாள் வந்தாள். குள்ளமான உருவம், பெரிய கைப்பை, அதைவிடப் பெரிய மூக்கு. தட்டிலிருந்து ஓர் இலையை எடுத்தாள். பச்சை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினாள். நொறுங்கியது. கண்ணை மூடி மோந்தாள். சூப்பர்வைசர் முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். கையில் ஈரம் ஏதும் இல்லை. மாஸ்டர், மச்சினன், பக்கத்து மாடிக்காரி எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாரத்துக்கு மூணு மூட்டை அனுப்ப முடியுமா?" என்றாள் டீ பாக்கெட் அம்மாள்.

"நாலுகூட முடியும்," என்றாள் சூப்பர்வைசர். குரல் மட்டும் ஒரு படி இறங்கி ஏறியது.

"மழை ஈரத்துல எப்படிம்மா காய வெச்சே?"

மச்சினனுக்கு இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அழைத்துக்கொண்டு போய் பெட்டியைக் காட்டினான். டீ பாக்கெட் அம்மாள் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வெளியே பளபளவென்று பெட்டி. உள்ளே, நாய் குதறிப் போட்டது போல நாலு வரிசைத் தகடு.

"நைஸ் மாஸ்டர் வீடுன்னு சொன்னாங்களே," என்றாள் நிமிர்ந்து. "இதை யார் வெட்டினது?"

மச்சினன் தொண்டையைச் செருமினான். மாஸ்டர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. கீறல் விழுந்த விரல்களைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான்தான்," என்றார். "அவசரத்துல வெட்டினது. கை கொஞ்சம் தவறிப் போச்சு."

அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு மச்சினன் மீட்டரைக் கீழே போட்டான்.

"அவர் வெட்டலைம்மா," என்றாள் சூப்பர்வைசர். "நான் வெட்டினேன். இதுல கை எங்கயும் தவறலை. என் கை இப்படித்தான்."

"ஏய், நான்தான்னு சொல்லிட்டேன்ல."

"ஏன் சொல்றீங்க? நான் செஞ்சதை நான் சொல்லிக்க மாட்டேனா?"

"உன்னைக் குறையாப் பேசிடக் கூடாதேன்னு..."

"யார் பேசறா? அந்தம்மா எவ்ளோ ஆசையாப் பார்க்கறாங்க. அதுவும் இல்லாம, உங்களால இப்படி வெட்டவே முடியாது."

மாஸ்டர் அதுவரை சாந்தமாகத்தான் இருந்தார். "முடியாதுன்னு யார் சொன்னது?"

கீழே போனார். ஒரு தகடும் கத்தரியும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். எல்லார் முன்னாலும் நின்றுகொண்டு வெட்டினார். பட்டை விழுந்தது. ஸ்கேல் வைத்தாற்போல நேர். அவரே அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். இரண்டாவது வெட்டினார். கையை வேண்டுமென்றே ஆட்டினார். கத்தரி ஆடியது, தகடும் ஆடியது, இரண்டும் ஒரே அளவில் ஆடியதால் வெட்டு நேராகவே வந்தது. மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். அதுதான் மூன்றிலும் நேராக வந்தது. டீ பாக்கெட் அம்மாள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். இடது கையால் வெட்டினார். விளிம்பு இலேசாக மடிந்துகூட வந்தது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாக, சம இடைவெளி விட்டு விழுந்தது. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து, அவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தரியை வாங்கினாள்.

"விடுங்க," என்றாள். "ஒரு வீட்டுல ஒருத்தருக்கு வந்தாப் போதும்."